கல்யாண ட்யூப்

ஏங்க்கா, நீங்க காங்கயம் பஸ் ஸ்டாண்டுலதானே இறங்குறீங்க?

அப்பச் சரி. நானும் அங்கதான். சித்த தள்ளி உட்காருங்க்கா, பாப்பா காலை நீட்டிக்கட்டும். தன்வி, பெரியம்மாவுக்கு வணக்கம் சொல்லு. சொல்ல மாட்டா. பிஸ்கட்டைக் காட்டினா அப்பச் சொல்லுவா, அவ்வளவு விவரம்.

துப்பட்டாவைத்தானே பாக்குறீங்க? இந்தப் புழுக்கத்துல கண்ணு மட்டும் தெரியற மாதிரி சுத்திக்கிட்டு ஒருத்தி பிள்ளையோட வந்து உட்கார்ந்தா யாரா இருந்தாலும் பாப்பாங்க. பிள்ளை பிடிக்கிறவ இல்லீங்க்கா நான். என் பிள்ளைதான். கண்டக்டரே கேட்டுட்டாரு, "ஏம்மா, டிக்கெட் வாங்கினது நீதானா, இல்ல ஆளு மாறிட்டியா?"ன்னு. நானும், "முகத்துக்குத் தனியா டிக்கெட் இருந்தாச் சொல்லுங்க, எடுத்துடறேன்"னு சொன்னேன். மனுஷன் சிரிச்சுட்டுப் போயிட்டாரு.

முகத்துல கொஞ்சம் பரு. அவ்வளவுதான்.

உங்க முகம் எவ்வளவு சுத்தமா இருக்கு! ஒரு புள்ளி கிடையாது. ஏறினதும் அதைத்தான் பாத்தேன். முன்னாடி ரெண்டு சீட்டு காலியா இருந்துச்சு, ஆனா உங்க பக்கத்துலதான் உட்காரணும்னு வந்தேன்னு வெச்சுக்கங்களேன். சொந்த ஊரு எதுங்க்கா? பேச்சைக் கேட்டா இந்தப் பக்கம் மாதிரி இல்லையே. மதுரையா! இங்க யாரையும் தெரியாதா? அதுவும் நல்லதுதான். தெரிஞ்சவங்க இருந்தா ஆளுக்கொரு கேள்வி.

என் பேரு கோகிலவாணி. வெள்ளகோயில் பக்கம் குடுத்திருக்காங்க. எங்க மாமனாருக்குத் தேங்காய்க் களம். தேங்காயை உடைச்சு வெயில்ல காயப் போட்டு, எண்ணெய் மில்லுக்கு ஏத்தி விடுவோம். நாள் முழுக்க வெயில்தான். ஆளுங்க உடைக்க, நான் காயறதைத் திருப்பிப் போட்டு, காக்காயை விரட்டி, கணக்கும் பாத்துக்கறது. பன்னெண்டாவது வரைக்கும் ஊர்ப் பள்ளிக்கூடத்துல படிச்சேன், அது களத்துக் கணக்குக்கு ஆச்சு.

இந்தப் பரு இருக்கே, வர்ற வயசுல எனக்கு வரலைங்க்கா. பத்தாவது படிக்கறப்ப எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு முகம் முழுக்க. எனக்கு மூக்கு நுனியில ஒண்ணுகூட வந்ததில்லை. டீச்சர்கூட, "கோகிலா முகத்தைப் பாருங்கடி, வழிச்சு விட்ட மாதிரி"ன்னு சொல்லுவாங்க. இவ பொறந்து பால் குடி மறந்த பொறகு வந்து நிக்குது. கன்னத்துல, நெத்தியில வந்தாக்கூடப் பரவாயில்லை. தாடைக்குக் கீழே, காது வரைக்கும் வரிசையா வருது. வெளியே தலை காட்டாம உள்ளுக்குள்ளயே கல்லு மாதிரி உட்கார்ந்துக்கும். தொட்டா உயிர் போகும். மாசாமாசம் வீட்டுக்கு விலக்காகறதுக்கு முன்னாடி கரெக்டா வந்துடும். எனக்குத் தேதியே பாக்க வேண்டாம், தாடையைத் தடவிப் பாத்தாப் போதும்.

ஊரே வைத்தியம் சொல்லுச்சு. எங்க மாமியார் களத்துத் தேங்காய் எண்ணெயை எடுத்துட்டு வந்து, "கலப்படம் இல்லாதது, ரெண்டு வேளை பூசு"ன்னாங்க. பூசினேன். இன்னும் நல்லா மினுமினுன்னு வளந்துச்சு. பக்கத்து வீட்டுல பூண்டுன்னாங்க. பூண்டைத் தேச்ச அன்னைக்கு இவ என் மடிக்கே வரலை, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு அவங்கப்பா கிட்ட ஓடிட்டா. எலுமிச்சம்பழம், வேப்பிலை, கடலை மாவு, ரோஸ் கலர்ல ஒரு மண்ணு, எதை விட்டேன்? மாமியாருக்கு ஒரே ஆச்சரியம். "பரு வயசுப் பிள்ளைங்களுக்கு வர்றது. பெத்துப் பொழைச்சவளுக்கு எதுக்குடி வருது?"ன்னு கேட்டாங்க. என்கிட்ட கேட்டா? நானா கூப்பிட்டேன்? தேங்காய் உடைக்கிற பாப்பாயி அக்கா இருக்கே, அதுக்கு வாயைக் கட்ட முடியாது. "சின்னம்மிணிக்கு வயசு திரும்புது, இன்னொரு தடவை கல்யாணம் பண்ணி வெச்சுடுங்க"ன்னு களமே சிரிக்கற மாதிரி சொல்லுச்சு. நானும் சிரிச்சேன். சிரிச்சாத் தாடை இழுக்கும், வலிக்கும். இருந்தாலும் சிரிச்சேன்.

அப்பத்தான் கல்யாண ட்யூப் கைக்கு வந்துச்சு.

உங்க பக்கம் இல்லையா? எங்க ஊருல அதுக்குப் பேரே அதுதான். அட்டையில இங்கிலீஷ்ல என்னமோ நீளமா எழுதியிருக்கும், அதை யாரு படிச்சா? பொண்ணுக்கு நிச்சயம் பண்ணிப் பூ வெச்சாங்கன்னா, அத்தையோ சித்தியோ யாராவது ஒருத்தங்க அந்த ட்யூபை வாங்கிட்டு வந்து குடுத்துடுவாங்க. பட்டுச்சேலை எடுக்கறாப்பல அதுவும் ஒரு சடங்கு. படுக்கப் போறப்பத் தடவிட்டுப் படுத்தா, முகூர்த்தத்தன்னைக்குப் பொண்ணு முகம் உரிச்ச முட்டை மாதிரி இருக்கும். எங்கூட்டுக்காரரோட பெரியப்பா மருமக ஒருத்தி, நல்ல மனசுக்காரி, அவளுக்கு மீந்ததை என்கிட்ட குடுத்தா. "உனக்கு எதுக்குக் கல்யாண ட்யூப்னு நினைக்காத, போட்டுப் பாரு"ன்னா.

போட்டேங்க்கா. ஒரு வாரம்தான் இருக்கும். கல்லெல்லாம் கரைஞ்சு போச்சு. முகம் வெளுத்து, தொட்டா வெண்ணெய் மாதிரி. எங்கூட்டுக்காரரு, மோகன்னு பேரு, களத்துக்கு வந்தவரு என்னைப் பாத்துட்டு, "யாரு இது, புதுசா வேலைக்கு வந்த பிள்ளையா? கூலி பேசியாச்சா?"ன்னு கேட்டாரு. கல்யாணம் ஆன புதுசுல பேசின மாதிரி. மாமியார் என்ன சொன்னாங்க தெரியுங்களா? "நான்தான் சொன்னனே, நம்ம எண்ணெய்க்கு இருக்கற மகிமை"ன்னு. சரி, சொல்லிக்கட்டும்னு விட்டுட்டேன்.

அப்படியே போயிட்டிருந்துச்சு. வருஷம் ஓடிப் போச்சு. ஒண்ணே ஒண்ணுதான், ஒரு நாள் போடாம விட்டா மறுநாள் அரிக்கும். ரெண்டு நாள் விட்டாச் செவந்துடும். அதனால விடறதில்லை. பல் விளக்கற மாதிரி, அதுவும் ஒரு வேலைன்னு வெச்சுக்கிட்டேன். பொறகு வெயிலு சேர மாட்டேன்னுச்சு. முன்னெல்லாம் சித்திரை வெயில்ல நின்னு வேலை செஞ்சவ நான். இப்பக் காலையில களத்துல போய் நின்னா மிளகாய்ப்பொடி கொட்டின மாதிரி எரிச்சல். குடை பிடிச்சுக்கிட்டுத் தேங்காய் திருப்புறவளை நீங்க பாத்திருக்கீங்களா? பாப்பாயி அக்கா, "ராணி வர்றாங்க, எல்லாரும் எந்திரிங்க"ன்னுச்சு. கன்னத்துல நூல் நூலாச் செவப்பு நரம்பு. காதோரம் பூனை முடி மாதிரி ஒரு முடி, முன்னாடி இருந்ததில்லை. அதெல்லாம் பவுடர்ல மறைஞ்சுடும்.

இவ இருக்காளே, இவளுக்கு ஒரு பழக்கம். தூங்கி எந்திரிச்சதும் கன்னத்துல முத்தம் வேணும் அவளுக்கு, குடுக்கறதுக்கு. எனக்கு எரியும்னு தள்ளித் தள்ளி விட்டேன். புரிஞ்சுக்கிட்டா. இப்ப வந்து முழங்கையைப் பிடிச்சு, அதுல ஒரு முத்தம் குடுத்துட்டுப் போயிடறா. விவரம் ஜாஸ்தி. பாருங்க, உங்க முழங்கையையும் பாக்கறா.

எங்கூட்டுக்காரருதான் பிடிவாதமா டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போனாரு. திருப்பூர்ல தோல் டாக்டரம்மா. வெளியே உட்கார்ந்திருந்தவங்களைப் பாத்து எனக்கு ஆச்சரியமா போச்சு. எல்லாரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களா இருக்கும்னு நினைச்சேன். பாதிப் பேரு என்னை மாதிரி, என்னைவிடப் பெரியவங்க. பேங்குல வேலை செய்யற அம்மா ஒருத்தங்க, பையன் காலேஜ் படிக்கறானாம், தாடை முழுக்க என்னை மாதிரியே.

டாக்டரம்மா நல்லாத்தான் பேசுனாங்க. "அழுக்கால வர்றது இல்லைம்மா இது, எண்ணெய்ப் பலகாரத்தால மட்டும் வர்றதும் இல்லை. உடம்புக்குள்ள சுரக்கறது கொஞ்சம் ஏறி இறங்கும். பொம்பளைங்களுக்கு முப்பதுலயும் வரும், நாப்பதுலயும் வரும். வெட்கப்படறதுக்கு ஒண்ணும் இல்லை. மாசம் மாசம் சரியா ஆகுதா? முடி கொட்டுதா?"ன்னு ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவக் கூடாதாம். ரெண்டு வேளை சாதுவான சோப்பு போதுமாம். கிள்ளக் கூடாது. தேங்காய் எண்ணெய் முகத்துல படவே கூடாதாம். தேங்காய்க் களத்துக்காரி கிட்ட சொல்றாங்க பாருங்க! எங்கூட்டுக்காரரு அங்கேயே சிரிச்சுட்டாரு.

பொறகு, "இப்ப என்ன போடறே?"ன்னாங்க. நான் பெருமையா பையில இருந்து ட்யூபை எடுத்து மேஜை மேல வெச்சேன். அவங்க அதைக் கையால தொடக்கூட இல்லை. பேனாவால தள்ளித் திருப்பிப் பாத்தாங்க.

"இது எதுக்குப் போடறதுன்னு தெரியுமாம்மா?"

"பருவுக்குங்க."

"படைக்கும்மா. உடம்புல படை வந்தாச் சில பேரு போடறது. அதுக்கே நாங்க எழுத மாட்டோம். இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு. முகத்துல போட்டா முதல்ல பளபளன்னு காட்டும். அப்புறம் தோல் மெலிஞ்சு போகும். அப்புறம் இது இல்லாம உன் முகத்தால இருக்க முடியாது. எத்தனை காலமாப் போடறே?"

சொன்னேன். ட்யூபைப் பேனாவாலயே ஓரமாத் தள்ளி விட்டாங்க.

"நிறுத்திடணும். நிறுத்தினதும் முகம் செவந்து, எரிஞ்சு, பரு இன்னும் கூட வரும். அது போகப் போகத்தான் அடங்கும். ரெண்டு மாசம் ஆகும், மூணு மாசம்கூட ஆகலாம். பயந்துட்டு மறுபடி போட்டுட்டா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். எரிச்சலுக்கு ஒரு க்ரீம் தர்றேன், வெயிலுக்கு ஒண்ணு, மாத்திரை தர்றேன். என்ன ஆனாலும் என்கிட்ட வா, நான் பாத்துக்கறேன்."

"எங்கண்ணன் கல்யாணம் வருதுங்களே"ன்னேன்.

"கல்யாணத்துக்கு அண்ணன் முகம் நல்லா இருந்தாப் போதாதா?"ன்னு சிரிச்சாங்க. படிச்சவங்கதான். ஆனா அவங்களுக்கு இணைச்சீர்னா என்னன்னு தெரியலை.

உங்களுக்கும் தெரியாதில்ல? சொல்றேன். எங்க கல்யாணத்துல, மாப்பிள்ளையோட கூடப் பொறந்தவளுக்குத்தான் முதல் மரியாதை. தாலி கட்டறதுக்கு முன்னாடி அண்ணனையும் தங்கச்சியையும் சேத்து ஒரு சீர் செய்வாங்க, அதுதான் இணைச்சீர். பொண்ணு மாதிரியே தங்கச்சிக்கும் பட்டு, நகை, தலை நிறையப் பூ. கூறைச்சேலையோட ஒரு முனை அவன் கிட்ட, ஒரு முனை இவகிட்ட. அருமைக்காரருன்னு ஒரு பெரியவரு முன்னால நின்னு ஒவ்வொண்ணாச் செய்ய, மண்டபமே பாக்கும். வீடியோக்காரன் லைட்டை மூஞ்சிக்கு நேராப் பிடிப்பான். பொண்ணு அப்ப மேடைக்கே வந்திருக்க மாட்டா. அந்த நேரத்துக்கு மண்டபத்துல ஒரே முகம் இணைச்சீர்க்காரி முகம்தான்.

எனக்கு ஒரே அண்ணன், பூபதி. அவனுக்கு நான் ஒரே தங்கச்சி. பொண்ணு கிடைக்காமத் தேடித் தேடி, ஜாதகம் சேராம, அவனுக்குத் தலையில முன்பக்கம் வழுக்கையே வந்துடுச்சு. அத்தனை வருஷமும் அவனுக்குச் சமமா நான்தானே காத்திருந்தேன்? சின்ன வயசுல சித்தப்பா கல்யாணத்துல எங்க அத்தை அந்தச் சேலை முனையைப் பிடிச்சுக்கிட்டு நின்னதைப் பாத்ததுல இருந்தே எனக்கு அந்த நினைப்பு. என் கல்யாணத்துலகூட நான் அவ்வளவு ஆசைப்படலை. என் கல்யாணத்துல எனக்குப் பயம்தான் இருந்துச்சு.

சரி, டாக்டரம்மா சொன்னாங்களே. எங்கூட்டுக்காரரு வீட்டுக்கு வந்த கையோட, பையில இருந்த ட்யூப், பீரோவுல துணிக்கடியில வெச்சிருந்த ட்யூப், எல்லாத்தையும் எடுத்துட்டுப் போய்த் தேங்காய்த் தொட்டி, அதான் கொட்டாங்குச்சி, எரியற குழியில போட்டுட்டாரு. அது மட்டுமா? ஊருல இருக்கற மெடிக்கல் அவரோட பள்ளிக்கூடத்து சிநேகிதன் கடை. அங்க போய், "என் சம்சாரம் வந்து கேட்டாக் குடுக்காதே"ன்னு சொல்லிட்டு வந்துட்டாரு. தங்கமான மனுஷங்க்கா. குடிக்க மாட்டாரு, கை நீட்ட மாட்டாரு. அன்னைக்கு மட்டும் அந்தக் குழியில அவரையும் சேத்துத் தள்ளலாமான்னு இருந்துச்சு.

நிறுத்தினேன். நானா எங்க நிறுத்தினேன், நின்னு போச்சு. முதல் ரெண்டு நாள் ஒண்ணும் இல்லை. பரவாயில்லையேன்னு இருந்தேன். பொறகு ஆரம்பிச்சுதுங்க்கா. முகத்துல சுடுதண்ணி ஊத்தின மாதிரி. தலகாணியில கன்னம் வைக்க முடியாது. தண்ணி பட்டா எரியும், காத்துப் பட்டா எரியும், அடுப்புக் கிட்டப் போக முடியாது. மாமியார் நல்லவங்களா மாறிட்டாங்க, "நீ போய்ப் படு, நான் சோறாக்கறேன்"னாங்க. மாமியார் நல்லவங்களாயிட்டாங்கன்னா நம்ம நிலைமை எவ்வளவு மோசம்னு பாத்துக்கங்க. அப்புறம் பருவா அது? கன்னம், நெத்தி, மூக்கு, சீழோட குப்புன்னு கிளம்புச்சு. முன்னாடி தாடையில மட்டும்தானே இருந்துச்சு! வெளியே போறதில்லை, களத்துக்குப் போறதில்லை. ஒறம்பரைன்னு சொந்தக்காரங்க யாராவது வந்து கதவைத் தட்டினா, தன்வியைத் தூக்கிக்கிட்டு உள்ரூம்புல தாழ்ப்பாள் போட்டுக்குவேன். இவ உள்ளே இருந்துக்கிட்டு, "அம்மா இல்லை"ன்னு கத்துவா. நானே சொல்லிக் குடுத்தது. "இல்லைன்னு சொல்றது யாரு சாமி?"ன்னு வெளியே சிரிப்பாங்க.

டாக்டரம்மா குடுத்த க்ரீமா? இருக்கு. போட்டேன் ரெண்டு நாள். அது என்னமோ சாதுவா, மெதுவா, ஒண்ணுமே செய்யாத மாதிரி இருக்கு. என்ன ஆனாலும் வான்னாங்க, ஆனா அங்க போனா மறுபடி பொறு பொறுன்னுதானே சொல்லப் போறாங்க? கல்யாணம் முடிஞ்ச மறுநாள்ல இருந்து ஒழுங்காப் போடலாம்னு எடுத்து வெச்சிருக்கேன்.

இதுக்கு நடுவுல எங்கம்மா வந்தாங்க. இணைச்சீருக்கு எடுத்த பட்டைக் காட்டறதுக்கு. மாம்பழக் கலர், மயில் கழுத்துக் கரைன்னு போன்லயே சொல்லியிருந்தாங்க. நான் கதவைத் திறந்தேன். எங்கம்மா சேலைப் பையை அப்படியே நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னுட்டாங்க. என்னைத் தொடலை. தொட்டா வலிக்கும்னு நினைச்சிருப்பாங்கன்னு எங்கூட்டுக்காரரு சொல்றாரு. இருக்கலாம். காப்பி குடிச்சாங்க, இவளைக் கொஞ்சினாங்க. போறப்ப வாசல்ல செருப்பைப் போட்டுக்கிட்டே, "கண்ணு, உனக்குச் சிரமமா இருந்தாச் சொல்லு. சர்மியை வேணா நிக்கச் சொல்லலாம். நீ உட்கார்ந்து பாத்தாப் போதும்"னாங்க.

சர்மி எங்க சித்தப்பா மக. அவ மேல எனக்கு ஒரு கோவமும் இல்லைங்க்கா. நல்ல பிள்ளை. நல்ல நிறம். ஆனா சொல்லுங்க, அவ என் அண்ணன் கூடவா பொறந்தா? பட்டுச்சேலையை எனக்கு எடுத்துட்டு, சேலையைப் பையை விட்டு வெளியே எடுக்காமலே திரும்பக் கொண்டு போனாங்க. "ப்ளவுஸ் தைக்கக் குடுக்கணும்"னாங்க. என் அளவு ப்ளவுஸ் ஒண்ணைக் கேக்கவே இல்லையே? அப்ப யாரு அளவுக்குத் தைக்கப் போறாங்க?

அண்ணனுக்குப் போன் போட்டுட்டேன். அழக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் பேசுனேன். அவன் என்ன சொன்னான் தெரியுங்களா? "ஏ கோகி, லூசா நீ? நீ எப்படி இருந்தாலும் வந்து நில்லு. எனக்கு வேற தங்கச்சி இருக்காளா?"ன்னான்.

எப்படி இருந்தாலும்னு சொல்றான் பாருங்க. அப்ப நான் எப்படியோ இருக்கேன்னு அவனும் முடிவு பண்ணிட்டான். அம்மா போய் என்ன சொல்லி வெச்சாங்களோ. அந்த வார்த்தைதான் எனக்கு இன்னும் நெஞ்சுல நிக்குது. நான் நல்லாத்தான் இருப்பேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?

எங்கூட்டுக்காரரு கிட்டச் சொன்னா, "அவன் சரியாத்தானே சொல்லியிருக்கான்"ங்கறாரு. இந்த ஆம்பிளைங்களுக்கு எதுவும் சொல்லிப் புரிய வைக்க முடியாது.

சிவன்மலை தெரியுது பாருங்க, அப்ப ஊரு வந்துடும் இனி. இல்ல இல்ல, இப்பவே எந்திரிக்காதீங்க, சிக்னல்ல கொஞ்ச நேரம் நிக்கும்.

புதுப்பொண்ணைப் பத்தி நான் சொல்லவே இல்லையே! ஹர்ஷினின்னு பேரு. அருமையான பிள்ளை. எங்க பக்கம் நாத்தனாரை நங்கைன்னு கூப்பிடுவோம். "நங்கை, நங்கை"ன்னு என்கிட்ட அவ்வளவு பாசம். பொண்ணு பாக்கப் போனப்பவே கவனிச்சேன், நெத்தியில பொடிப்பொடியா ரெண்டு மூணு, கன்னத்துல ஒண்ணு. பாவம், அதை மறைக்கறதுக்கு முடியை எடுத்து எடுத்து முன்னாடி விட்டுக்கிட்டு இருந்தா. எனக்கு மனசு கேக்கலை. பூ வெச்ச அன்னைக்கே ரெண்டு ட்யூப் வாங்கிக் கையில குடுத்துட்டேன். கல்யாணத்துக்கு நான் செஞ்ச முதல் சீரு அதுதான். இப்பப் போட்டோ அனுப்பறா பாருங்க, கண்ணு பட்டுடும் போல அப்படி ஒரு பளபளப்பு. என் அண்ணன் அவ போட்டோவைத்தான் போன்ல முன்னாடி வெச்சிருக்கான்.

டாக்டரம்மா சொன்னதை அவகிட்டச் சொல்லலைங்க்கா. எதுக்குச் சொல்லணும் இப்ப? கல்யாணப் பொண்ணு, பயந்துடுவா. கல்யாணம் முடியட்டும், மறுவிருந்து முடியட்டும், ஆறஅமரச் சொல்லிக்கலாம். அவளும் நானும் ஒண்ணா நிறுத்திடுவோம். ஒண்ணா நிறுத்தினாத் தெரியாது பாருங்க, ஒருத்தருக்கொருத்தர் துணை. மறுவிருந்துக்கு அடுத்து எங்க தன்விக்குக் காதுகுத்து வைக்கணும், தாய்மாமன் மடியில உட்கார வெச்சு. அதுவும் முடிஞ்சுடட்டும். அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லை. ஹர்ஷினிக்கு வளைகாப்பு வந்தாத்தான்.

எங்கூட்டுக்காரரு கிட்ட, "டாக்டர் க்ரீம் போடறதுக்குக் கண்ணாடி வாங்கணும், தன்விக்குக் கல்யாணத்துக்குச் செருப்பு எடுக்கணும்"னு சொல்லிட்டுத்தான் பஸ் ஏறுனேன். பொய் ஒண்ணும் இல்லை. செருப்பு எடுக்கணும்தான்.

ஆனாப் பாருங்க, வெள்ளகோயில்ல ரெண்டு கடையில கேட்டுப் பாத்துட்டேன், இல்லைன்னுட்டாங்க. போன வாரம் காங்கயத்துக்கே வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்பல, பேக்கரிக்குப் பக்கத்துல ஒரு மெடிக்கல், அங்கதான் இருக்குன்னாங்க. ஒரு அம்மா இருக்காங்க, கண்ணாடி போட்டுக்கிட்டு. ட்யூப் பேரைச் சொன்னேன். எடுக்கத் திரும்பினவங்க, என்ன நினைச்சாங்களோ, "துப்பட்டாவைச் சித்த இறக்கும்மா"ன்னாங்க. இறக்கினேன். எடுத்த ட்யூபை மறுபடி ராக்குல வெச்சுட்டாங்க. "உனக்குத் தர மாட்டேன். உன் முகமே சொல்லுதே"ன்னாங்க. கடையில நாலு பேரு. கெஞ்சிப் பாத்தேன், என் முகத்துக்கு இல்லை, மாமியார் கால்ல படைன்னு சொன்னேன். "மாமியாரைக் கூட்டிட்டு வா"ங்கறாங்க! எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. வெளியே வந்துதான் அழுதேன், அதுவும் கண்ணீர் பட்டு எரிஞ்சுது.

தன்வி, எந்திரி சாமி, ஊரு வந்துடுச்சு. செருப்பைப் போடு. அக்கா, உங்க பையை நான் பிடிச்சுக்கறேன், மெதுவா இறங்குங்க. கூட்டம் போகட்டும்.

அதோ, அந்தப் பேக்கரி தெரியுதில்ல, அதுக்கு ஒட்டினாப்பல பச்சை போர்டு. அதுதான். நேத்து ஹர்ஷினி போன் பண்ணினா. "நங்கை, ட்யூப் தீந்து போச்சு. போடாத அன்னைக்கு முகமெல்லாம் அரிக்குதுங்க, எங்க ஊருல கேக்கக் கூச்சமா இருக்கு"ன்னு. அந்தப் பிள்ளைக்கும் என்னை விட்டா யாரு இருக்கா?

நீங்க அப்படிப் பாக்காதீங்க்கா. கோவிச்சுக்காதீங்க. ஒரு அஞ்சு நிமிஷம்தான். இவளும் நானும் இந்தப் புளியமரத்தடியிலயே நிக்கறோம். உங்களை இங்க யாருக்கும் தெரியாது, உங்க முகத்தைப் பாத்தா அந்தம்மா ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. கேட்டாலும் வீட்டுல ஒருத்தருக்குத் தொடையில படைன்னு சொல்லிடுங்க. இந்தாங்க பழைய அட்டை, இதைக் காட்டினாப் போதும், இந்தாங்க பணம். எனக்கு ஒண்ணு, கல்யாணப் பொண்ணுக்கு ஒண்ணு, ரெண்டே ரெண்டு ட்யூப் வாங்கிட்டு வந்து குடுத்துட்டுப் போங்க்கா.